வெறும் குரல்தான்

அவசர அழைப்பு மையத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை அவளுக்கு. வீடியோ கேம் விளையாடும் வட்டாரத்தில் அவள் பெயர் குண்டூசி. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓடும்போது, இவள் ஏதோ ஒரு மொட்டைமாடி மூலையில் அசையாமல் படுத்திருந்து ஒரே குண்டில் காரியத்தை முடித்துவிடுவாள். பெயர் வைத்தது தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கும் அவனுக்கும் அதே பைத்தியம்தான். அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். டிவிக்கு எதிரே கிடந்த பழைய சோபாவில் பள்ளம் விழாத பக்கம் யாருக்கு என்பதைத் தவிர அவர்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை.

அடுத்து வரப்போகும் விளையாட்டுகளை அறிவிக்கும் பெரிய நிகழ்ச்சி வருடத்துக்கு ஒருமுறை நேரலையாக வரும். அன்று காலை இருவரும் லீவு போட்டுவிட்டு, டீயும் பிஸ்கெட்டும் எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார்கள். எந்த விளையாட்டுக்காக யார் எவ்வளவு ஏங்கிக் கிடக்கிறார்கள் என்று வரிசை சொல்வது வழக்கம். தம்பியின் வரிசை மாதத்துக்கு ஒருமுறை மாறும். இந்த முறை பனிமலையில் லாரி ஓட்டும் 'பாறைமுகம்' முதலிடத்தில் இருந்தது. பூச்சிகளை வைத்துப் போர் நடத்தும் 'தும்பிப்படை'க்கு இரண்டாமிடம். அவள் வரிசையில் முதலிடம் மாறியதே இல்லை. பல வருடங்களாக அது 'நீர்மட்டம்'தான்.

வெள்ளம் சூழ்ந்த ஒரு நகரம். அதில் மின்சாரம் போய்வந்துகொண்டிருக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறை. விளையாடுகிறவர் அங்கே தனியாக உட்கார்ந்து வரும் அழைப்புகளைக் கேட்க வேண்டும். கையில் இருக்கும் சில படகுகளை யாரிடம் அனுப்புவது, யாரை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு.

"ஆபீஸ்லயும் போன் எடுக்கற, வீட்லயும் போன் எடுக்கணுமா உனக்கு?" என்று தம்பி கேலி செய்வான்.

"அதுல கடைசில என்ன ஆச்சுன்னு காட்டுவான்டா" என்பாள் அவள்.

அது அவளுடைய நெடுநாள் குறை. வேலையில் முடிவு என்று ஒன்று தெரியவே தெரியாது. ஒருவர் அலறிக்கொண்டு கூப்பிடுவார். இவள் விலாசம் கேட்பாள், வண்டி அனுப்புவாள், வண்டி வரும்வரை இதைச் செய்யுங்கள் அதைச் செய்யுங்கள் என்று அவர்களோடே இருப்பாள். கதவு திறக்கும் சத்தமும் ஆம்புலன்ஸ்காரர்களின் குரலும் கேட்டதும் இணைப்பு போய்விடும். அடுத்த நொடி அடுத்த அழைப்பு. பிழைத்தார்களா போனார்களா என்று யாரும் வந்து சொல்வதில்லை. அழைத்தவர்களை இவர்களாகத் தேடிப் போவதற்கும் அனுமதியில்லை.

அன்று 'நீர்மட்டம்' முன்னோட்டம் வந்ததும் தம்பி சத்தத்தைக் கூட்டினான். திரையில் பழுப்பு நீர். மினுக்கும் ஒற்றை விளக்கு. அலைவரிசை கரகரத்து, ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"பாத்ரூம்ல விழுந்துட்டாருங்க. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது."

குண்டூசியின் கையில் டீ கோப்பை பாதி வழியில் நின்றது.

"கதவத் திறந்து வைக்கறேன். ஆனா அவருக்குக் கூச்சம் ஜாஸ்திங்க. அப்படியே கிடக்கறாரு. ஒரு துண்டாவது சுத்தி விட்டுடறேன்."

இடைவெளி. தண்ணீர் சொட்டும் ஓசை.

"சரிங்க. வச்சுட்டேன். ரெண்டு கையும் நெஞ்சு மேல வச்சுட்டேன்."

மறுபடி இடைவெளி.

"ஒண்ணு. ரெண்டு. மூணு..."

"என்னமா நடிக்குது பாரு இந்தப் பொம்பள" என்றான் தம்பி. "எனக்கே முடியெல்லாம் நட்டுக்கிச்சு."

திரையிலிருந்த பெண் எண்ணி நிறுத்திய இடத்தில், அடுத்த இடைவெளி வந்தபோது, அவள் வாய் தானாகத் திறந்தது. "நிறுத்தாதீங்கம்மா. நானும் கூட எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு" என்றாள், வேலை செய்யும்போது வருகிற அந்தச் சமமான குரலில். அவள் முடிக்கவும் திரையில் அந்தப் பெண் தொடங்கவும் சரியாக இருந்தது. அவள் பேசுவதற்கென்றே அளந்து வெட்டி வைத்த மாதிரி.

தம்பி திரையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

முன்னோட்டத்தில் அந்த ஆளின் மூச்சிழுப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. திரை இருண்டது. 'யாரைக் காப்பாற்றுவாய்?' என்ற எழுத்து வந்தது. அரங்கத்தில் இருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அவள் எழுந்துபோய்க் கழுவுதொட்டியில் டீயைக் கொட்டினாள். வாயில் இருந்ததையும் துப்பினாள். குழாயைத் திறந்துவிட்டு, தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அது நடிப்பு இல்லடா" என்றாள் முகத்தைக் கழுவிக்கொண்டே. "போன வருஷம் எனக்கு வந்த கால். அந்தம்மா பேசினது எங்கிட்ட. என் குரல மட்டும் வெட்டி எடுத்துட்டாங்க."

அன்று சாயங்காலத்துக்குள் இணையம் முழுக்க அந்தக் குரல்தான். குண்டூசி பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். யாரோ அந்த மூச்சிழுப்பை மட்டும் தனியாக எடுத்துத் தாளம் சேர்த்துப் பாட்டாக்கியிருந்தான். இன்னொருவன் அலாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தான். அந்தப் பெண்ணுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: 'துண்டு ஆன்ட்டி'. துண்டு கட்டிய ஓர் ஆள் தரையில் கிடக்கும் கேலிப்படம் ஆயிரக்கணக்கானவர்களிடம் கை மாறிக்கொண்டிருந்தது. அவளோடு வருடக்கணக்காக விளையாடுகிறவர்கள், அவள் நல்லவர்கள் என்று நம்பியவர்கள், அதற்குக் கீழே சிரித்து வைத்திருந்தார்கள். "குண்டூசி, உன் நம்பர் ஒன் கேம் பட்டையைக் கிளப்புது" என்று ஒருவன் அவளுக்கே அனுப்பியிருந்தான். சாக்கடையில் தெரியாமல் கால் வைத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் மையத்தில் மேற்பார்வையாளரின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிறந்தநாளைக்குக் கேக் வாங்குவார். ஒரு கஷ்டமான அழைப்புக்குப் பிறகு யாராவது அழுதால் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வரச் சொல்வார். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் மேசை மேலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்பவும் மூடினார்.

"பயிற்சி மென்பொருள் தயார் பண்றோம்னு ஒரு ஒலி கம்பெனி வந்தாங்கம்மா. மேலிடத்துல சரின்னுட்டாங்க. பேரு, தெரு, வீட்டு நம்பர், எல்லாத்தையும் எடுத்துட்டுதான் குடுத்தோம். அவங்க யாருக்கு வித்தாங்கன்னு நமக்கு என்ன தெரியும்?"

"அந்தம்மாகிட்ட கேட்டீங்களா சார்?"

"யாருன்னே தெரியாதபோது எப்படிக் கேக்கறது? வெறும் குரல்தானேம்மா."

"நாம பாக்கறதே குரலத்தான சார். முகத்த எப்போ பாத்தோம்? நமக்கு ஆளே அதுதான்."

அவர் முகம் சுருங்கியது. "நீயும் அனுபவிச்சுட்டுதான இருக்க. புது ஹெட்செட்டு, முதுகு வலிக்காத நாற்காலி. கேட்டுக் கேட்டு வராதது திடீர்னு எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்ச?"

தன் இடத்துக்குத் திரும்பி வந்தவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். சாம்பல் நிறம், தலைக்குத் தனித் திண்டு. வந்த புதிதில் எல்லோரும் சிறுபிள்ளைகள் மாதிரி அதில் சுழன்று பார்த்தார்கள். இவளும்தான். இப்போது அதில் யாரோ வாந்தி எடுத்துவைத்த மாதிரி இருந்தது. அன்றைய ஷிஃப்ட் முழுவதும் நின்றுகொண்டே அழைப்புகளை எடுத்தாள். பக்கத்து இருக்கைக்காரி, "மூலமா?" என்று கிசுகிசுத்தாள். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள்.

கேம் தயாரித்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். அது உண்மையான அழைப்பு, அதை எடுத்தவள் நான், உடனே நீக்குங்கள் என்று. வக்கீல்களிடமிருந்து மிரட்டல் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் இளைஞன் போன் செய்தான். குரலில் தேன் ஒழுகியது.

"மேடம், உங்க மெயில் பாத்ததுலேருந்து இங்க யாருக்கும் கை கால் ஓடல. எல்லாரும் எமோஷனல் ஆயிட்டோம். அந்த உண்மையான ஆபரேட்டரே நீங்கதான்னா, எவ்ளோ பெரிய விஷயம். அதுவும் நீங்க நம்ம கேமுக்கு இவ்ளோ நாளா காத்திருக்கறவங்களாமே. உங்க ஆன்லைன் பக்கத்துல பாத்தோம்."

அவள் போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தாள்.

"சட்டப்படி எங்க மேல தப்பு இல்ல மேடம், நாங்க காசு குடுத்து வாங்கின சத்தம். அத விடுங்க. ஒரு யோசனை. உங்க குரல் அதுல இல்லையே, அந்த இடத்த நீங்களே மறுபடி பேசிக் குடுத்துடுங்களேன். அப்படியே இருக்கும். எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்கு முழு கேமும் அனுப்பிடறோம். வீட்ல உக்காந்து ஆடலாம். அப்புறம் அந்த அம்மாவையும் கண்டுபிடிச்சுட்டு இருக்கோம். ஆம்புலன்ஸ் ஆளுங்ககிட்ட விசாரிச்சா கிடைக்காமலா போகும். வெளியீட்டு அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் மேடையில முதல் தடவையா சந்திக்கறீங்க. அந்தக் கூட்டமே அழும் மேடம்."

"அவங்க புருஷன்?"

"ஆமா, பாவம். அவருக்கு ஒரு நிமிஷம் மௌனம் வச்சுக்கலாம்."

அவள் போனை வைத்தாள். இவ்வளவு நேரம் அந்தக் குரல் தன் காதுக்குள் இருந்ததே என்று காதைத் தோளில் தேய்த்தாள். சமையலறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்ட தம்பி வந்து எதிரே உட்கார்ந்தான்.

"அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லாதக்கா. புருஷன் போன துக்கத்துல இருக்கும். இத வேற கேட்டு என்ன பண்ணப் போகுது? உன் வேலையும் போயிடும்."

"நான் போகலன்னா இவன் போவான்டா. பூங்கொத்தோட போவான். கூடவே கேமராவும் போகும்."

விலாசம் அவளுக்கு நினைவிருந்தது. சலவைக் கடைக்கு மேல் மாடி. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கண்ணாடிக்குள் சுழலும் இயந்திரங்களை எட்டிப் பார்த்திருக்கிறாள். இறங்கியதில்லை. அன்று இறங்கினாள்.

கடைக்குள் சூடான சோப்பு வாசனை. இயந்திரங்களின் உறுமலுக்கு நடுவே, கனத்த உடம்புள்ள ஒரு பெண்மணி படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். "துணி போடணுமா?" என்றார் நிமிராமலே. அந்தக் குரல்தான்.

"இல்லம்மா. உங்கள ஒரு விஷயமா பாக்க வந்தேன்."

விரிப்பு அவர் கையிலிருந்து நழுவியது. வந்தவளின் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை அவர். "நிறுத்தாதீங்கம்மான்னு சொன்ன பொண்ணு நீதானே?" என்றார்.

அவள் தலையாட்டினாள். அந்தப் பெண்மணி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஏங்க, இங்க வாங்க. யாரு வந்திருக்கான்னு பாருங்க."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஒல்லியான ஒரு மனிதர் வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். கைகளில் துவைத்து அடுக்கிய துணிகள்.

"உசுரோட இருக்காரா?" என்று கேட்டுவிட்டாள் குண்டூசி. கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று தோன்றியது.

அந்த அம்மா சிரித்தார். "உன்னாலதான் கண்ணு. ரெண்டு விலா எலும்ப நான் உடைச்சுட்டேன். இன்னமும் சொல்லிக் காட்டுவாரு."

கணவர் லேசாகத் தலை குனிந்து, துணி அடுக்கை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கிடைத்தது. வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளில் ஒன்றுக்கு விடை கிடைத்து, அந்த விடை எதிரே நின்று ஸ்டூல் போட்டது. அதை அனுபவிக்க அவளுக்கு நேரமில்லை. வந்த காரியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னாள். முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. கேம் என்றால் பிள்ளைகள் விளையாடுவது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் போனில் அந்த முன்னோட்டத்தைச் சத்தம் குறைத்துப் போட்டுக் காட்டினாள். அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு வற்றியது. துண்டு என்ற வார்த்தை வந்தபோது அவர் போனை உள்ளங்கையால் மூடிவிட்டார்.

"இத யார் யாரு கேட்டிருக்காங்க?" என்று கேட்டார் கணவர். அதுதான் அவர் முதலில் பேசியது.

"நிறைய பேருங்க."

"இந்தத் தெருவுல?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "இருக்கலாம்" என்றாள்.

அவர் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு வந்த வழியே திரைச்சீலைக்குப் பின்னால் போனார். உள்ளே ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"டாக்டர்கிட்ட சட்டையக் கழட்டறதுக்கே என்னையும் வெளிய போகச் சொல்ற ஆளு அது" என்றார் அந்த அம்மா. குரல் நடுங்கியது, அழுகையால் அல்ல. "தரையில அம்மணமா கிடந்தத நான் உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன். பெத்த பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லல. சீ, இதையெல்லாம் எடுத்து விக்கறவன் சோறு எப்படித் திங்கறான்?"

"நான் புகார் எழுதித் தரேம்மா. நானும் பேசறேன்."

"நீ பேச வேண்டாம். என் குரலுதானே, நானே வந்து பேசறேன்."

மையத்துக்கு அவர் வந்தபோது மேற்பார்வையாளர் எழுந்து நின்றார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரியும் வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். விதிமுறை, ஒப்பந்தம், பெயர் நீக்கம் என்று அதிகாரி நிதானமாக விளக்கினார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் உங்களக் கூப்பிட்டது உதவிக்கு" என்றார். "எங்க வீட்டு பாத்ரூமுக்குள்ள உங்கள வரச் சொன்னது நான்தான். அவங்கள நான் கூப்பிடல. நீங்க யாரு கூட்டிட்டு வர?"

அதிகாரி தன் கைகளைப் பார்த்தார். மேற்பார்வையாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன. ஒரு செய்தியாளர் எழுதினார். கேம் கம்பெனி முன்னோட்டத்தை எடுத்துவிட்டு ஓர் அறிக்கை விட்டது. யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துவதாக அதில் இருந்தது. யாராவது என்றால் யார் என்று இல்லை. ஒலி கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது. மையம் இனிமேல் பதிவுகளைக் கொடுப்பதில்லை என்றது. மேற்பார்வையாளரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், கொஞ்சம் பெரிய அறையோடு. அழைத்தவரைத் தேடிப் போனதற்காக அவளுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. வேலை போகவில்லை. நீக்கினால் அதுவும் செய்தியாகும் என்று பயந்திருப்பார்கள்.

'நீர்மட்டம்' சொன்ன தேதியில் வெளியானது. நன்றாக விற்றது. தம்பி முன்பதிவு செய்திருந்ததை ரத்து செய்துவிட்டான். அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. வேறொருவர் விளையாடுவதை அவள் ஒருமுறை இணையத்தில் பார்த்தாள். அந்த இடத்தில் இப்போது ஒரு நடிகை பேசினாள். துண்டு போர்வையாகியிருந்தது. மற்றபடி மூச்சு வாங்குவதும், எண்ணும்போது மூன்றில் தடுமாறுவதும், அந்த அம்மாவைப் போலவே இருந்தது. நடிகையை உட்காரவைத்து, பழைய பதிவைக் கேட்க வைத்து, அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். விளையாடிக்கொண்டிருந்தவன் பாப்கார்ன் மென்றபடி, "இந்த ஆளு எப்படியும் செத்துருவான், படக வேற இடத்துக்கு அனுப்பலாம்" என்றான். அவள் அதை மூடினாள். அதன்பிறகு எதற்காகவும் அவள் வரிசை போடவில்லை.

சலவைக் கடைக்கு அவ்வப்போது போனாள். கணவர் கடையின் முன்பக்கம் வருவதை நிறுத்திவிட்டதாக அந்த அம்மா சொன்னார். வாடிக்கையாளர் யாராவது துண்டு துவைக்கக் கொண்டுவந்தால், அது வெறும் துண்டுதானா கேலியா என்று தனக்கே சந்தேகம் வருகிறது என்றும் சொன்னார்.

செய்தி பரவியதில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. ஒருநாள் பகல் ஷிஃப்டில் ஓர் ஆண் அழைத்தான். மனைவிக்குக் குழந்தை வந்துகொண்டிருக்கிறது, இன்னும் மாதம் ஆகவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்றான். பின்னால் அந்தப் பெண் முனகும் சத்தம். விலாசம் வாங்கி வண்டியை அனுப்பிவிட்டு, "எந்த இடத்துலேருந்து ரத்தம் வருது, என்ன தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அவன் சொல்லவில்லை. அந்தப் பெண் அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"மேடம், இது ரெக்கார்டு ஆகுதா?"

அங்கே ரத்தம் போய்க்கொண்டிருந்தது, இங்கே இவன் யோசித்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் அவன் வாயை மூடிக்கொள்ளக்கூடும்.

"ஆகுதுங்க" என்றாள். "நான் உங்க கூடவேதான் இருக்கேன். வெக்கப்படாதீங்க. பாத்து சொல்லுங்க."

இணைப்பில் வெறும் இரைச்சல் ஓடியது. பிறகு அந்தப் பெண்ணே போனை வாங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு, பார்ப்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். குண்டூசி ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.